நடவுக் காலத்து இராச் சாப்பாடும் வீட்டுக் களஞ்சியமும்

நடவுக்கு இத்தனை ஆள், நாற்றங்காலுக்கு இத்தனை விதை, அடியுரத்திற்கு இத்தனை மூட்டை என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் நம் குடியானவர்கள், அந்நாட்களில் மாலை ஏழு மணிக்குத் தங்கள் வீட்டு அடுப்பில் எது ஏறப் போகிறது என்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தானே நடந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். தானே நடப்பதன்று, வீட்டு ஸ்திரீகள் நடத்துகிறார்கள். காலை முதல் சேற்றில் ஆட்களோடு நின்றவள், அல்லது ஆட்களுக்குக் கஞ்சி சுமந்து சென்றவள், பொழுது சாய்ந்து வீடு திரும்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அதன் பின்னர்ப் பருப்பு இல்லை, புளி இல்லை என்று கடைக்குச் சிறுவனை ஓட்டுகிறாள். ஒன்பது மணிக்கு இலை போடும்போது குழந்தைகள் உறங்கிவிடுகின்றன. இக்காட்சியை அறியாத குடும்பம் நமது கிராமங்களில் அரிது.

இதற்குக் காரணம் வறுமை என்று சொல்வாரும் உண்டு. நிலமில்லாதவர் வீட்டைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஐந்து ஏக்கர் நன்செய் உடையவர் வீட்டிலும் இதே கதைதான். தை மாதத்தில் களத்திலிருந்தே நெல் முழுவதும் லாரி ஏறிவிடுகிறது. வரப்பில் விளைந்த உளுந்தும் துவரையும் வியாபாரி சாக்கில் போகின்றன. பிறகு ஆவணி, புரட்டாசியில் அதே உளுந்தைக் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கடையில் கடனுக்கு வாங்குகிறார்கள். விற்ற விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வருஷம் எழுதிப் பார்த்தவர் மறு வருஷம் அப்படிச் செய்யமாட்டார். 2011 முதல் நமது ராஜ்யத்தில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்குப் பங்கீட்டுக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பது ஏழைகளுக்குப் பெரும் உபகாரமே. எனினும் அரிசி மாத்திரம் ஒரு சாப்பாடு ஆகாது.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: விற்பனைக்கு அளப்பதற்கு முன் வீட்டிற்கு அளக்க வேண்டும். அவ்வாறு அளந்ததன் சாவியும் கணக்கும் வீட்டு அம்மாளிடம் இருக்க வேண்டும். எது எவ்வளவு தேவை என்பதை அவரே அறிவார், எஜமானர் அறியார்.

எவ்வளவு என்று கேட்பவருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நடவிலும் களையெடுப்பிலும் சேர்ந்து நாற்பது இரவுகள் நெருக்கடியானவை என்று கொள்வோம். அவற்றில் பாதி இரவுகளுக்கு அரை மணியில் முடியும் ஆகாரம் வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வேளைக்கு முக்கால் கிலோ பச்சரிசி ரவையும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பருப்பும் போதும். இருபது இரவுகளுக்குப் பதினைந்து கிலோ ரவை, நாலைந்து கிலோ பருப்பு. ஒரு மூட்டை நெல்லிலும் வரப்புத் துவரையில் ஒரு மரக்கால் அளவிலும் அடங்கிவிடும் காரியம் இது. இதற்கா இவ்வளவு கஷ்டம்?

புழுங்கலரிசி வேகப் பச்சரிசியைவிட நேரம் பிடிக்கும். ஆதலால் அவசர நாளுக்கு உரியது பச்சரிசி ரவையே. அதனுடன் துவரம் பருப்பை ஒன்றிரண்டாக உடைத்து, மிளகு சீரகம் கூட்டி உப்புமாவாகக் கிண்டினால் வேறு குழம்பு தேவையில்லை. அவல் இதைவிட விரைவு. நனைத்துப் புளியும் கடுகும் தாளித்தால் கால் மணியில் முடிந்தது. கேழ்வரகு மாவு இருந்தால் முருங்கைக்கீரையை உருவிப் போட்டு அடை தட்டலாம். முருங்கை கொல்லையில் நிற்க வேண்டும் என்பதையும் களஞ்சியத்தைச் சேர்ந்த விஷயமாகவே கருதுகிறேன். புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, பருப்புப் பொடி ஒரு டப்பா, சுண்டை மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய், கறிவடகம் இவை இருந்துவிட்டால் சோறு மட்டும் வடித்தால் போதும். ஆனால் வற்றலும் ஊறுகாயுமாகவே நாற்பது நாளும் கழிப்பது தவறு. அவற்றில் உப்பு மிகுதி. இரத்தக் கொதிப்பு உள்ள முதியோர் வீட்டில் இருந்தால் கவனம் வேண்டும். வளரும் குழந்தைகளுக்குப் பருப்போ பயறோ இல்லாத இரவு இருக்கலாகாது.

சேமிப்பதில் நம்மவர் செய்யும் பிழை, எதையும் அரைகுறையாக உலர்த்துவது. நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கும், பயறு வகைகளில் 10 பங்குக்கும் மேற்படாதிருக்க வேண்டும். கருவி இல்லாதவர் பல்லால் கடித்துப் பார்க்கட்டும். நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கலாகாது. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக் கொத்தவரை வற்றல் முழுவதும் இப்படித்தான் எருக்குழிக்குப் போயிற்று. அவசரப்பட்டு மூடியவன் நானே. நிலக்கடலை ஈரமாய்ப் பூஞ்சணம் பூத்திருந்தால் பொறுக்கிப் பார்த்து உண்ணலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் நீங்காது, ஈரலைக் கெடுக்கும்.

பயறு வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டு வீட்டிற்கு வந்து பெருகும் பூச்சி. முழுப் பயற்றையே அது நாடும். உடைத்த பருப்பில் அதன் தொல்லை மிகவும் குறைவு. துவரையைச் செம்மண் கரைசலில் பிசறி ஓரிரவு வைத்து, நன்றாகக் காயவிட்டு உடைக்கும் தென் ஜில்லா வழக்கம் தோலை எளிதில் கழற்றுகிறது. அம்முறையைப் பழமை என்று கைவிட்டவர்கள் மீண்டும் மேற்கொள்ளலாம். பருப்பையும் பல வருஷங்கள் வைத்திருப்பது பெருமையன்று. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்த பயறு இறுகி, எவ்வளவு விறகு எரித்தாலும் வேகாது. ஒரு வருஷத்திற்குரியதே போதும். ரவையையும் மாவையும் மாதத்திற்கு மேல் தேவைப்படும் அளவில் உடைத்து வைக்க வேண்டாம், புழு கூடும். மல்லிப்பொடி, மிளகாய்ப்பொடிகளும் சிறிது சிறிதாக இடித்துக்கொள்வதே மணம்.

தானியத்தில் பூச்சி கண்டதும் கடையில் கிடைக்கும் புகை மாத்திரையை வாங்கிக் குதிரில் போடுகிறவர்கள் உண்டு. இதை எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும்: அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் வாயு மனிதரைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. படுக்கும் அறையிலும் சமையலறையிலும் தானியம் வைத்திருக்கும் வீடுகளில் அதற்கு இடமே இல்லை. கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாளுவது வேறு. வீட்டிற்கு வேப்பிலையும் வசம்பும், மாதம் ஒருமுறை வெயிலும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வடிவமைத்த துளையிட்ட குழாய்ப் பொறியும் போதுமானவை. அக்குழாயைத் தானியத்தில் செருகி வைத்தால் வண்டுகள் தாமே அதில் வந்து விழும்.

கடையில் எல்லாம் பொட்டலமாகக் கிடைக்கும்போது இவ்வளவு பிரயாசை எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். பட்டணத்தில் இருப்பவருக்கு அது நியாயமான கேள்வியே. ஐப்பசி அடைமழையில், கடை மூடியபின், மின்சாரமும் நின்றுபோன இரவில் கிராமத்தில் இருப்பவருக்கு அக்கேள்வி எழாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். களஞ்சியம் நிறைந்திருந்தால் சமைப்பது எளிதாகிறது. எளிதான சமையலை ஆண்மக்களும் செய்யலாம். உப்புமா கிண்டுவதால் மிராசு குறைந்துவிடாது.

கிராம அதிகாரிகளுக்கும் பஞ்சாயத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். வற்றல், வடகம், அவலுக்குரிய நெல் எல்லாம் உலர வேண்டிய காலம் சித்திரை, வைகாசி. வீட்டு முற்றங்கள் சிறுத்துவிட்டன. தெருவில் காயவைத்தால் புழுதியும் நாயும் வண்டியும். ஊர்ப் பொதுக் களங்களோ, உளுந்து அடிக்கும் சில நாட்கள் நீங்கலாக, அம்மாதங்களில் பெரும்பாலும் வெறுமனே கிடக்கின்றன. சிலவற்றில் செங்கல்லும் மணலும் அடுக்கியிருக்கக் காண்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் அக்களத்தை ஸ்திரீகள் உலர்த்திக்கொள்ள விடுவதென்று ஒரு தீர்மானம் எழுதினால் போதும். ஆகும் செலவு களத்தைக் கழுவ இரண்டு ஆள் கூலியும், பறவைகள் அணுகாதிருக்க ஒரு பழைய வலையுமே. பங்குனிக் கூட்டத்திலேயே அதை எழுதிவிட்டால் சித்திரை வெயில் வீணாகாது.