பாடம் நடத்த மறுபடி கிளம்பலாம்!



சென்ற வருஷம் சித்திரை மாதம். மாடவீதியில் கறிகாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், மாடிப் போர்ஷன் பெண் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"என்னம்மா, இன்டர்வியூ என்ன ஆச்சு?"

"போங்க மாமி! ஸ்மார்ட் போர்டில் பாடம் நடத்திக் காட்டச் சொன்னா. எனக்கு அதை ஆன் பண்ணக்கூடத் தெரியலை. எனக்கு அடுத்து வந்த சின்னப் பொண்ணு டக்டக்குன்னு படமாப் போட்டுக் காட்டிட்டா. பன்னிரண்டு வருஷம் வீட்டோட இருந்தாச்சு. இனிமே என்னை யார் எடுத்துப்பா?"

குழந்தைகளுக்காக வேலையை விட்டவள் அவள். இப்போது இரண்டும் பெரிய வகுப்புக்குப் போயாச்சு. ஒரு சம்பளத்தில் குடும்பம் திணறுகிறது. அவளோ, "இந்த ஜன்மத்துக்கு இது போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பெண் வந்தாள். பி.எட். இரண்டாம் வருஷம் படிப்பவள். முன்பு ஒரே வருஷமாக இருந்த அந்தப் படிப்பு, 2015-லிருந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர், இன்டர்நெட் முதலானவற்றை வகுப்பில் பயன்படுத்துவது பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. பதினாறு வாரம் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பழகவும் வேண்டும்.

அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா, பட்டனை அழுத்தக் கத்துக்கறது அரை நாள் வேலை. எந்தப் பாடத்துக்கு அதை எடுக்கணும், எப்போ மூடி வைக்கணும்னு தெரியணுமே, அதுக்குத்தான் படிப்பு!"

நம் நாட்டில் படித்து அமெரிக்கா சென்ற பேராசிரியர் புண்ய மிஸ்ரா, மாத்யூ கோலர் என்பவரோடு சேர்ந்து 2006-ல் இதைத்தான் எழுதினார். பாடம் தெரிய வேண்டும். சொல்லித்தரும் விதம் தெரிய வேண்டும். கருவி தெரிய வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வர வேண்டும் என்றார்கள்.

நமக்குத் தெரியாததா இது? இட்லி மாவை மிக்ஸியில் அரைத்தால் சூடேறி இட்லி கல்லாகிவிடுகிறது. அதையே கிரைண்டரில் போட்டால் பூவாக வருகிறது. சட்னிக்கு மிக்ஸிதான் சரி. சாமான் இருந்தால் போதாது, எதற்கு எது என்று தெரிய வேண்டும்.

வகுப்பிலும் அப்படித்தான். இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது சிரமம். அசையும் படத்தில் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிடும். ஆனால் விதை முளைப்பதற்குப் படம் எதற்கு? ஈரத்துணியில் ஒரு பிடி பயறு கட்டிக் கொடுத்தால், மறுநாள் குழந்தையே முடிச்சை அவிழ்த்துப் பார்த்துக் குதிக்கும்.

தம்பி பெண் இன்னொரு வழியும் சொன்னாள். 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'மைக்ரோ டீச்சிங்' என்ற முறை பிறந்தது. பயிற்சி ஆசிரியர் சில நிமிஷம் மட்டும் பாடம் எடுப்பார். அதை வீடியோவில் பிடித்து, அவரையே பார்க்கச் சொல்லி, திருத்தி, மறுபடி எடுக்கச் சொல்வார்கள். நம் ஊர் பி.எட். கல்லூரிகளிலும் மைக்ரோ டீச்சிங் உண்டு. மாடிப் பெண்ணும் அந்த நாளில் செய்தவள்தான், வீடியோ இல்லாமல்.

இப்போதுதான் கையிலேயே கேமரா இருக்கிறதே! எவர்சில்வர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, எங்கள் வீட்டுக் குழந்தைகள் நாலு பேரை உட்கார்த்தி, பின்னங்களைப் பற்றி ஆறு நிமிஷம் நடத்தினாள். பிறகு பார்த்தாள். "ஐயையோ மாமி! முக்கால்வாசி நேரம் முதுகைத்தான் காட்டறேன். கேள்வியும் கேட்டு, குழந்தை வாய் திறக்கறதுக்குள்ளே பதிலையும் நானே சொல்லிடறேனே!"

ஸ்மார்ட் போர்டு தெரியாததைவிடப் பெரிய குறை இதுதான் என்று அவளுக்கே புரிந்தது. தினம் சாயங்காலம் பயின்றாள். போர்டை இயக்கும் விதத்தைத் தம்பி பெண்ணிடம் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள்.

வேலைக்குத் திரும்ப நினைக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் மூன்று யோசனை:

1. 2018 முதல் வந்த நம் மாநிலப் பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது. தீக்ஷா செயலியில் அதைப் பாருங்கள். உங்கள் குழந்தையின் புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

2. வாரம் ஒரு பாடம் நடத்தி, பதிவு செய்து பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு குறையை மட்டும் திருத்துங்கள்.

3. தெரியாததைச் சின்னவர்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தருகே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி இருக்கிறதே, 1922-ல் அதைத் தொடங்கி வைத்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறுவயதிலேயே கணவரை இழந்து, ஊர்ப் பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு, 1911-ல் பட்டம் பெற்றவர். வீட்டுக்குள் முடங்கிய பெண்களை ஆசிரியைகளாக்கியவர். அவர் கடந்து வந்த தடைகளுக்கு முன்னால் ஒரு ஸ்மார்ட் போர்டு எம்மாத்திரம்?

மாடிப் பெண் ஜூனில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். இப்போது காலை ஏழரை மணிக்கு அவள் படியிறங்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு இரண்டாவது காபி!