நாயும் நன்றியும்

"நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு." கீழ்வகுப்பு மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர் எவரும் இவ்விரு வாக்கியங்களையும் மனப்பாடமாகச் சொல்லுவர். நம் பாட்டனார் எழுதியதும் இதுவே. நம் பிள்ளைகள் எழுதுவதும் இதுவே.

வாக்கியத்திற் பிழையொன்றும் இல்லை. நாலடியாரும் நட்பைப்பற்றிக் கூறுமிடத்து, பலநாட் பழகிய பாகனையே கொல்லும் யானையை விலக்கி, எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாயையே உயர்த்திப் பேசுகின்றது. ஆயினும், நன்றி என்னும் இந்த ஒரு சொல்லே, தெருவில் அலையும் நாயொன்றை வீட்டிற் சேர்த்துக்கொள்ள விரும்புவோரைப் பெரிதும் ஏமாற்றுகின்றது என்பது என் எண்ணம்.

எங்ஙனமெனின், ஞாயிற்றுக்கிழமை இரக்கம் மேலிட்டு நாயைக் கொண்டுவருகிறோம். குளிப்பாட்டிச் சோறும் இடுகிறோம். அது வாலாட்டி நம் காலடியிற் படுக்கும் என எதிர்பார்க்கிறோம். அதுவோ கட்டிலுக்கடியிற் புகுந்து உறுமுகிறது. தொட வந்த கையைக் கண்டு பல்லைக் காட்டுகிறது. இரவெல்லாம் ஊளையிடுகிறது. "நன்றி கெட்ட நாய்" என்ற பட்டத்தைச் சூட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதனைச் சந்தைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். ஒரு வாரத்துள் இருமுறை வீடிழந்த அந்தப் பிராணி முன்னிலும் கொடியதாக மாறுவதில் வியப்பென்ன?

தெருநாய் நமக்குக் கடன்பட்டு வருவதன்று, அடைக்கலமாக வருவது. அடைக்கலம் கொடுத்தவனுக்கே கடமை; புகுந்தவனுக்கன்று. இதனைத் தெளிந்துகொண்டால் மற்றவை எளிதாகும்.

குனியும் மனிதன்

தெருவிலே பிறந்து வளர்ந்த நாய் கற்கும் முதற்பாடம் யாது? மனிதன் குனிந்தால் ஓடு என்பதே. நம்மூர்ச் சந்திகளில் இதனை எவரும் காணலாம். செருப்பு வாரைச் சரிசெய்வதற்காக ஒருவர் குனிந்தாலும், பத்து யார் தூரத்திற் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடிவிடும். குனிபவர் கையிற் கல்லுடன் நிமிர்வார் என்பது அதன் அனுபவம்.

உருசிய நாட்டு அறிஞர் பவ்லோவ் நாய்களை வைத்து நடாத்திய ஆராய்ச்சி உலகப் பிரசித்தமானது. உணவு வருமுன் ஓர் ஒலியைப் பன்முறை கேட்கச் செய்தால், பின்னர் அவ்வொலி கேட்ட மாத்திரத்தே நாயின் வாயில் நீர் ஊறும் என அவர் காட்டினார். ஆசையைப்போலவே அச்சமும் இங்ஙனமே கற்கப்படுகிறது. ஓங்கிய தும்புத்தடி, உறுமும் மோட்டார் வண்டி, வெடிச்சத்தம் ஆகிய ஒவ்வொன்றும் பட்ட துன்பத்தோடு பிணைந்துவிடுகின்றது. கற்ற அச்சத்தைக் கழற்றுவதற்கு ஒரு வழியே உண்டு. அதே அசைவு, அதே ஓசை, ஆனால் துன்பம் இல்லை என்பதை நாட்கணக்கிலே காட்டிக்கொண்டிருத்தல். இதிலே குறுக்கு வழி கிடையாது.

எம் வீட்டுச் சங்கதி

2022 ஆம் ஆண்டு கார்த்திகை மழையிலே, வாகனம் மோதிப் பின்னங்கால் முறிந்த நாயொன்று கல்லூரி மதிலோரமாகக் கிடந்தது. மிருக வைத்தியரிடம் காட்டிக் கட்டுப்போடுவித்தபின் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நாட்டின் பொருளாதாரம் நொடித்து, அரிசி விலையும் மருந்து விலையும் ஏறியிருந்த காலம் அது. "மனிதருக்கே பாடு பெரும்பாடு, இதற்குள் நாயுமா?" என்று அயலவர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டில் எழுந்த மறுப்பு வேறு விதமானது.

எழுபத்தைந்து வயது கடந்த என் தாயார் படலையடியிலே நின்று சொன்னார்: "தம்பி, உதை வீட்டுக்கை எடாதை. இன்னொருக்கால் விட்டிட்டுப் போக என்னாலை ஏலாது."

ஆசாரத்தை எண்ணி அவர் மறுக்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதியை எண்ணியே மறுத்தார். அன்றிரவு வலிகாமத்துச் சனங்கள் கொட்டும் மழையிலே, கண்டி வீதி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. துவிச்சக்கரவண்டியிலே மூட்டைகள், மூட்டைகளின் மேலே தங்கை. வீட்டில் வளர்ந்த வீரன் என்ற நாய் எங்கள் பின்னே வந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்குமுன்னரே சனநெருக்கத்தில் அதைக் காணவில்லை. நின்று தேடவும் இயலாது, திரும்பவும் இயலாது. 1996 ஆம் ஆண்டில் நாம் வீடு திரும்பியபோது வளவிற் புல்தான் வளர்ந்திருந்தது. எவரையும் குறைசொல்வதற்கில்லை. ஆனால், அன்றுதொட்டு அம்மா எந்த நாய்க்கும் பெயரிட்டழைத்ததில்லை.

இந்தப் பகுதியைப் படிக்கும் பல குடும்பங்களில் இத்தகைய ஒரு வீரன் இருந்திருப்பான். அதனாலேயே இதனை எழுதுகிறேன். நாயை வேண்டாம் என்று சொல்லும் முதியோர் யாவரும் இரக்கமற்றவர் அல்லர். அவர்களுட் சிலர் கணக்கை நம்மிலும் நன்றாக அறிந்தவர்.

கால் ஆறும்வரைதான் என்று அம்மாவிடம் தவணை கேட்டுக்கொண்டு, நாயை விறாந்தையின் மூலையிலே ஒரு சாக்கின்மேற் கிடத்தினோம். மகள் அதற்கு மணி என்று பெயரிட்டாள்.

செய்ய வேண்டியவை

இனி, நாயொன்றை ஏற்க எண்ணும் அன்பர்களுக்குச் சில நடைமுறைகளைக் கூறுவேன்.

முதலாவது, வைத்தியம். தெருநாயை வீட்டாரோடு பழகவிடுமுன் மிருக வைத்தியரிடம் காட்டல் வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி, குடற்புழுவுக்கு மருந்து, உண்ணிக்கும் சொறிக்கும் பரிகாரம் என்பவை இன்றியமையாதன. தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது இடுவிக்க வேண்டும். 1885 ஆம் ஆண்டு லூயி பாஸ்ச்சர் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் ஊசி ஏற்றிக் காப்பாற்றியது முதல், இந்நோய் தடுக்கக்கூடியதாயிற்று. ஆனால், நோய் வெளிப்பட்ட பின்னர் இன்றும் மீட்சி இல்லையென்றே சொல்லலாம். இலங்கையிலே 1973 ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஏறக்குறைய 20 முதல் 30 வரையாகக் குறைந்துள்ளது. நாய்களுக்கு ஊசி ஏற்றியதே இதற்கு முக்கிய காரணம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆசுபத்திரிக்குச் செல்ல வேண்டும். வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தல் கூடாது.

இரண்டாவது, கருத்தடை. 2006 ஆம் ஆண்டின் பின்னர், தெருநாய்களைக் கொல்லும் பழைய வழக்கத்தை அரசு கைவிட்டு, ஊசியும் கருத்தடையுமே வழியெனக் கொண்டது. நாம் அதற்குத் துணைநிற்காது, குட்டிகளை ஓலைப் பெட்டியிலிட்டுக் கோயில் வாசலிலே வைத்துவிட்டு வருவோமாயின், அது புண்ணியமாகாது.

மூன்றாவது, உணவு. மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்தமையால், சோறு போன்ற மாப்பொருளைச் சமிக்கும் ஆற்றலை நாய் ஓநாயிலும் மிகுதியாகப் பெற்றுள்ளது. எனினும் வெறுஞ்சோறு போதாது, புரதம் வேண்டும். எங்கள் வீடு மச்சம் புழங்காத வீடு. ஆகவே கோடிப்புறத்திலே தனியடுப்பும் தனிப்பானையும் வைத்து, மீனோ முட்டையோ அவித்துச் சோற்றிற் பிசைந்து கொடுக்கிறோம். நம் விரதம் நமக்கு. அதனை நாயின்மேற் சுமத்துதல் முறையன்று. வெங்காயம் இட்ட கறி, முந்திரிகைப் பழம், சொக்கிலேற்று, சமைத்த கோழியெலும்பு ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கலாகாது.

நான்காவது, ஒழுங்கு. ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்தில், ஒரே கையால் உணவு வைத்தல் வேண்டும். உண்ணும்போது கிட்டப் போகக்கூடாது. தலைக்கு மேலாகக் கையை நீட்டாது, பக்கவாட்டில் இருந்து, அது தானாக வந்து முகரும்வரை காத்திருக்க வேண்டும். வாலை ஒடுக்குதல், காதைப் பின்னே மடித்தல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், பசியில்லாமலே உதட்டை நக்குதல் ஆகியவை "அஞ்சுகிறேன், விலகிப்போ" என்று அது பேசும் மொழியாம். இம்மொழியைப் பிள்ளைகளுக்கு முதலிற் கற்பித்தபின்னரே நாயை வீட்டுக்குக் கொணர்தல் நன்று. தீபாவளிக்கும் கோயிற் திருவிழாவுக்கும் வெடி கொளுத்தும் நாட்களில், அதனை உள்ளறையிலே வைத்திருத்தல் வேண்டும். அச்சத்தில் ஓடும் நாய் வீட்டு வழியை மறந்துவிடும்.

நாய்களை மீட்டு வளர்ப்போர் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்றொரு கணக்குச் சொல்வர். முதல் மூன்று நாளில் நடுக்கம் தணியும். மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். மூன்று மாதத்தில் இது தன் வீடென்ற எண்ணம் வரும். இது பொதுக்கணக்கே. மணிக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் பிடித்தது. சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து சில நாளில், முற்றத்தில் விழுந்திருந்த பத்திரிகையை எடுக்க நான் குனிந்தேன். மூன்று முழத் தூரத்திலே படுத்திருந்த மணி எழுந்து ஓடவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது. வாலாட்டவில்லை, கையை நக்கவில்லை, நன்றி என்று கட்டுரையில் எழுதத்தக்கது எதையும் செய்யவில்லை. ஆயினும், பட்டம் பெற்ற நாளிலும் நான் அவ்வளவு மகிழ்ச்சி அடைந்ததாக நினைவில்லை.

நம்பியவரைக் கைவிடுதல்

நாயின் நம்பிக்கையைப் பெறுதல் பாதி. அதனைக் காத்தல் மறுபாதி. 1957 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆந் திகதி இரண்டாவது ஸ்புட்னிக்கில் விண்ணேறிய லைக்காவும் மொஸ்கோ நகரத்துத் தெருநாயே. சாதுவானது, பயிற்றியோரை நம்பிக் கூண்டுக்குள்ளே அமைதியாக இருந்தது. புறப்படுமுன் விஞ்ஞானியொருவர் அதனைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு விளையாடவிட்டார். திரும்பிவர வழியில்லாத பயணம் என்பது அனுப்பியோருக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. சில மணி நேரத்துள் வெப்பத்தால் அது இறந்துவிட்ட செய்தி 2002 ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது.

மகாபாரதத்தின் முடிவிலே தருமபுத்திரன் வேறொரு வழியைக் காட்டுகிறான். தம்பியரும் மனைவியும் வீழ்ந்த பின்னரும் தன்னைத் தொடர்ந்துவந்த நாயை விட்டுவிட்டுத் தேரிலேறும்படி இந்திரன் சொல்ல, நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தனக்கு வேண்டாமென்கிறான். அந்த நாய் அவனுக்கு என்ன உபகாரம் செய்தது? கூட நடந்தது, அவ்வளவே. அதற்காகவே அவன் சுவர்க்கத்தை விட்டுக்கொடுக்க நின்றான்.

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருவெள்ளம் ஏறியது. எங்கள் ஒழுங்கையிலும் முழங்காலளவு நீர் நின்றது. இடம்பெயர நேரிடலாமென்று, காணி உறுதிகளும் அடையாள அட்டைகளும் அடங்கிய பையை அலுமாரியிலிருந்து எடுத்தேன். மேசைமேல் வைக்கப் போனபோது அங்கே ஏற்கெனவே மணியின் சங்கிலியும், துணியிற் சுற்றிய அதன் கோப்பையும் இருந்தன. அம்மா அடுப்படியிலிருந்தபடியே சொன்னார்: "போறதெண்டால் அதுவும் வரும். சங்கிலியை நான் பிடிக்கிறன்."

வெள்ளம் வடிந்தது, நாம் போகவேண்டி வரவில்லை.

நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுவரை வாழும் பிராணி. படலையைத் திறக்குமுன் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீடு மாறும்போது அதற்கும் இடமுண்டா? பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டால் சோறு வைப்பவர் யார்? ஆபத்து வரும் இரவில் சங்கிலியைப் பிடிக்கும் கை எது? இம்மூன்றுக்கும் விடை கண்டவர் தாராளமாகப் படலையைத் திறக்கலாம். விடை காணாதவர், தெருவிலேயே அதற்கு ஒருபிடி சோறும் ஒரு சிரட்டை நீரும் வைத்து, தடுப்பூசிக்கு ஏற்பாடும் செய்வாராயின், அதுவும் அறமே. குறைந்தபட்சம் அதன் முன்னே குனியும்போது கல்லெடுக்காதிருப்போம். நன்றியைப்பற்றி நாய்க்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை.