தெருக்காரருக்குக் காட்ட வேண்டிய படம்

போன வருடம் ஆலங்குளத்தில் ஓர் ஆவணப்படத்தைத் திரையிட இடம் தேடி அலைந்தேன். படத்தின் பெயர் 'பீ'. மதுரையைச் சேர்ந்த ஆர்.பி.அமுதன் 2003-இல் எடுத்தது. அரை மணி நேரம்கூட ஓடாது.

முதலில் போன மண்டபத்தில் மேலாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தேதி காலியாகத்தான் இருக்கிறது என்றார். என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். நோட்டை மூடிவிட்டார். "தம்பி, இது சடங்கும் கல்யாணமும் நடக்குத இடம்லா" என்றார். இரண்டாவது இடத்தில் சங்கத் தலைவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்றுவரை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் நான் பெயரைச் சொல்லவில்லை. 'தூய்மை பற்றிய ஒரு குறும்படம்' என்றேன். உடனே சம்மதித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே கேவலமாக இருந்தது. மறுநாள் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் தூய்மைப் பணியாளர்கள் குடியிருக்கும் காலனியில், நண்பன் வீட்டு மொட்டை மாடியில், வேட்டியைக் கட்டித் திரையிட்டோம். இருபது பேர் வந்திருப்பார்கள். படம் முடிந்ததும் நான் எழுந்து வர்ணம், சாதி, உழைப்பு என்று தயாரித்து வைத்திருந்ததைப் பேசத் தொடங்கினேன். முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கும் ஓர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்களுக்கு எதுக்குய்யா இதப் போட்டுக் காட்டுதிய? நாங்கதான் தெனமும் பாக்கோம்லா. இருந்து வச்சிட்டுப் போறவனுக்குல்லா காட்டணும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். தமிழ் ஆவணப்படங்களையும் அவற்றின் பார்வையாளர்களையும் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நாலு வருடம் படித்ததில் எனக்குத் தோன்றாத கேள்வியை அந்த அம்மா ஒரு மூச்சில் கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அமுதனின் வேலையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

'பீ' படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மதுரையில் ஒரு தெரு. ஒரு பெண் தொழிலாளி. மக்கள் கழித்துவிட்டுப் போனதை அவர் அள்ளுகிறார். கேமரா அவர் கூடவே நடக்கிறது. நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைக்கும் இடத்தில் அது திருப்பிக்கொள்வதில்லை. படத்தின் பெயரும் அப்படித்தான். தமிழ் பேசும் எல்லோரும் வீட்டில் சொல்லும் சொல். ஆனால் எந்தச் செய்தித்தாளும் அச்சிடாது. 'மலம்', 'மனிதக் கழிவு', 'அசுத்தம்' என்று ஏதாவது ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அரசும் அதையே செய்தது. துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். பெயர் மாறியது, வாளி மாறவில்லை.

அந்தப் படம் வந்த வருடத்தைக் கவனியுங்கள். கையால் மலம் அள்ள ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இலேயே வந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, பட்டப்பகலில், ஒரு மாநகரத்தின் தெருவில் அது நடப்பதைப் படம் காட்டியது. எங்கள் மாநிலத்தில் இந்த வழக்கமே இல்லை என்று அரசுகள் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. 2014 மார்ச்சில், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இதற்கு இடையில், 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு மாநிலங்களவையில் பதில் சொன்னது. சாக்கடைக் குழிக்குள் செத்தவர்கள் வேறு கணக்காம். இப்படி 'இல்லை' என்று சொல்லும் அரசுக்கு எதிரே ஒரு சாட்சியாகத்தான் அமுதனின் படம் நிற்கிறது.

அடுத்தடுத்து அவர் எடுத்த படங்களும் அதே திசையில்தான் போயின. 2005-இல் 'மயானக் குறிப்புகள்', சுடுகாட்டில் வேலை செய்பவர்களைப் பற்றி. 2006-இல் 'செருப்பு', திருச்சியில் செருப்புத் தைக்கும் அருந்ததியர் குடும்பங்களைப் பற்றி. பிணம், தோல், மலம். சாதி எதையெல்லாம் தீட்டு என்று சொல்லி ஒரு பகுதி மக்களின் தலையில் கட்டியதோ, அதையெல்லாம் வரிசையாக எடுத்தார். பிறகு கதிர்வீச்சுக் கதைகள் என்ற வரிசையில் மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் என்று கடற்கரை ஊர்களுக்குப் போனார். திருப்பூர்த் தொழிலாளர்களைப் பற்றி 'டாலர் சிட்டி' எடுத்தார்.

பட்டியலாகச் சொன்னால் இது ஒரு கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு மாதிரி இருக்கும். ஆனால் என் ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் செய்த இன்னொரு வேலை. 'மறுபக்கம்' என்ற பெயரில் 1998-இலிருந்து மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறார்கள். படம் எடுப்பவரே இடம் பிடிக்க வேண்டும், நாற்காலி போட வேண்டும், புரொஜெக்டர் தூக்க வேண்டும், முடிந்ததும் அடி வாங்காமல் விவாதமும் நடத்த வேண்டும். சுயாதீனத் திரைப்படம் என்று பேசும்போது தயாரிப்பாளர் இல்லாமல் எடுத்த படம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தயாரிப்பாளர் இல்லாமல் ஒரு படத்தை எடுத்துவிடலாம். தியேட்டரும் தொலைக்காட்சியும் இல்லாமல் அதை நாலு பேருக்குக் காட்டுவதுதான் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான். அதுவரை நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியில் காவல்துறை தாக்கி, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்லூரிக்குப் போன பிறகு, ஒரு நண்பனின் அறையில், ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' பார்த்துத்தான் எங்கள் ஆற்றில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டேன். அந்தப் படமும் கைக்குக் கை மாறி, அறைக்கு அறை போய்த்தான் உயிரோடு இருந்தது.

ஆய்வுக்காக வேறு நாடுகளின் ஆவணப்படக்காரர்களைப் படித்தபோது, சிரியாவைச் சேர்ந்த ஓமர் அமிரலாய் என்னை நிறுத்தினார். 1944-இல் டமாஸ்கஸில் பிறந்தவர். 1970-இல் யூப்ரடீஸ் அணையைப் பற்றி அவர் எடுத்த முதல் படம் அந்த அணையைக் கொண்டாடியது. 1974-இல் ஒரு கிராமத்தின் அன்றாட வாழ்க்கையைப் படமாக்கினார். அரசு சொன்ன முன்னேற்றம் அந்த ஊருக்கு வந்து சேரவே இல்லை என்பதை அது காட்டியது. சிரியாவில் தடை செய்தார்கள். 2003-இல், நம் ஊரில் 'பீ' வந்த அதே வருடம், அவர் மறுபடியும் அணைப் பக்கம் போனார். என் முதல் படத்தை நினைத்து வருந்துகிறேன் என்று சொல்லித்தான் புதிய படத்தைத் தொடங்கினார். பாத் கட்சி ஆட்சி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்வரை எப்படி இறங்கியிருக்கிறது என்று அதில் காட்டினார். 2011 பிப்ரவரியில் இறந்தார். அடுத்த மாதம் சிரியாவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

அமிரலாயின் படங்களை ஐரோப்பியத் திரைவிழாக்கள் பார்த்தன. சிரியாக்காரர்கள் பார்க்க முடியவில்லை. அவருக்குக் குறுக்கே நின்றது அரசாணை. நம் ஊரில் அரசாணை எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. மண்டபத்து நோட்டு மூடினாலே போதும். சங்கத் தலைவரைக் கேட்க வேண்டும் என்றாலே போதும். அதற்கும் மேலே போனால் தணிக்கைச் சான்றிதழ் எங்கே என்று காவல்துறை வந்து நிற்கும். 2017-இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தபோது அதைத்தான் பார்த்தோம். பல ஊர்களில் திரையிடலைத் தடுத்தார்கள். அவர் படத்தை யூடியூபில் போட்டார். மிரட்டல்கள் வந்தன. அந்த ஜூலையில், 2009-ஆம் ஆண்டு மாணவர் போராட்ட வழக்கு ஒன்றைத் தோண்டியெடுத்து அவரைக் கைது செய்தார்கள். 'பீ'க்கும் 'கக்கூஸு'க்கும் நடுவில் 14 வருடம். இரண்டிலும் வேலை ஒன்றேதான்.

தடுப்பவர்களை மட்டும் சொல்லிவிட்டு முடித்தால் அந்த அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொன்னதாக ஆகாது. நாம் யாருக்குக் காட்டுகிறோம்? பல்கலைக்கழகக் கருத்தரங்கில் காட்டுகிறோம். இடதுசாரி, அம்பேத்கரிய, பெரியாரிய வட்டங்களில் காட்டுகிறோம். பார்க்கிறவர்கள் ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்கள். கண் கலங்குகிறோம், கை தட்டுகிறோம், டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். அடுத்த சுற்றில் காலனிக்குப் போய், அவர்களுடைய வேலையை அவர்களுக்கே படம் போட்டுக் காட்டிவிட்டு, விழிப்புணர்வு என்று அறிக்கை எழுதுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். தொழிலாளியின் குனிந்த உடம்பை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால் மிஞ்சுவது பரிதாபம். அதே காட்சியை அந்தத் தெருவில் குடியிருப்பவர் பார்க்கும்போதுதான் அது குற்றச்சாட்டாகிறது. படம் ஒன்றுதான். யார் கண்ணில் படுகிறது என்பதில்தான் அதன் அரசியல் இருக்கிறது.

ஆகவே என் தெருவில் போட்டேன். பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த தெரு, என் அம்மாவும் அதில் ஒருத்தி. எங்களுக்கும் கூலி குறைவுதான், நுரையீரலுக்கும் கேடுதான். ஆனால் காலனிக்காரர்களைவிட நாங்கள் சில படி மேல் என்கிற நினைப்பு எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் உண்டு. என் வீட்டுச் சுவரிலேயே காட்டினேன். இருபது நிமிடம் பேசி அழைத்ததற்கு பதினோரு பேர் வந்தார்கள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். சுவரில் ஓடும் படத்துக்கு நாற்றம் கிடையாது. சாதிக்குத்தான் அந்த மூக்கு இருக்கிறது.

முடிந்ததும் ஒரு பெரியப்பா, "இது எந்த ஊருப்பா?" என்றார். மதுரை என்றேன். "அதான பாத்தேன்" என்றார், நிம்மதியாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன் சத்தமாகக் கேட்டான்: "நம்ம ஓடைக்கரையிலயும் இப்படித்தான தாத்தா? நீங்க காலைல அங்கதான போறிய?" யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் அன்று இரவு, ஓடைக்கரையைச் சுத்தம் செய்ய வரும் பெண்ணின் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். இத்தனை வருடம் அதே தெருவில் வளர்ந்த எனக்கும் தெரியவில்லை.

இதைப் புரட்சி என்று நான் சொல்லவில்லை. ஒரு படம் போட்டதால் யாருடைய சம்பளமும் உயரவில்லை. அதற்குத் தொழிலாளர்களின் சங்கமும் போராட்டமும்தான் வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் அதைத்தான் சொன்னார்கள். நள்ளிரவில் அவர்களை அள்ளிக்கொண்டு போனபோது, போராட்டம் முடிந்ததே என்று நிம்மதிப்பட்டவர்களும் அந்த நகரத்தில் இருந்தார்கள். அந்த நிம்மதியும் என் தெருப் பெரியப்பாவின் நிம்மதியும் ஒன்றுதான். அமுதன் மாதிரியான ஒருவர் இருபது வருடத்துக்கும் மேலாகக் கேமராவும் புரொஜெக்டருமாக அலைந்தது அந்த நிம்மதியைக் குலைக்கத்தான்.

இதைப் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த ஏப்ரல் 14-க்குப் படம் போட இடம் பார்ப்பீர்கள். காலனிக்குப் போகும் முன், உங்கள் சொந்தத் தெருவில், உங்கள் சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரும் பார்க்க, உங்கள் வீட்டுச் சுவரில் ஒருமுறை போடுங்கள். மண்டபம் கிடைக்காது. சுவர் இருக்கிறது.

ஓடைக்கரைக்கு வரும் அக்காவிடம் மறுநாள் காலையில் அம்மாவே போய்ப் பெயர் கேட்டார். அவர் சொல்லவில்லை. "எதுக்குக் கேக்கிய?" என்று திருப்பிக் கேட்டாராம். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இன்னும் தெரியவில்லை.