மின்சாரத் தள்ளுபடி யாருக்கு?

கத்தரி வெயில் வந்துவிட்டால் ஒரு பக்கம் வருண ஜபம் செய்வதும், மற்றொரு பக்கம் “எல்லாம் நம் தலையெழுத்து” என்று பெருமூச்சு விடுவதுமே நம் மக்களுக்கு வழக்கமாயிருந்து வருகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கங்களில் பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் தளம் இரவெல்லாம் சூட்டைக் கக்குவதற்கு எந்தக் கிரகம் காரணம்? காங்கிரீட்டின் குணமல்லவா காரணம்? 2024-ல் தமிழ்நாட்டு சர்க்காரே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்துவிட்டது. பேரிடரென்றால் பரிகாரம் தேடவேண்டியது யார் என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

பரிகாரமென்று இதுவரை நடந்திருப்பவைகளைப் பார்ப்போம். டில்லியில் மின்சாரக் கம்பெனிகள் பழைய ஏர்கண்டிஷனரைக் கொடுத்துப் புதிது வாங்குகிறவர்களுக்குப் பெருந்தள்ளுபடி கொடுத்து வந்திருக்கின்றன. 2024-ல் மத்திய சர்க்கார் சொந்தக் கூரையில் சூரிய மின்தகடு வைப்போருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் ஏற்படுத்திற்று. நல்லதுதான், நாம் குறை கூறவில்லை. ஆனால் ஏர்கண்டிஷனர் இல்லாதவன் எதைக் கொடுத்து எதை வாங்குவான்? ஆற்றங்கரையினின்று பெயர்த்துப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் குடியேற்றப்பட்டவனுக்குச் சொந்தக் கூரை ஏது? உள்ளவனுக்கே மேலும் கொடுப்பதற்குப் பெயர் உதவியாகுமா என்று கேட்கிறோம்.

ஏழைக்கு இருப்பது ஒரு மின்விசிறி. சாதாரணக் கூரை விசிறி சுமார் 75 வாட் தின்னும்; பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். ஆனால் புது விசிறியின் விலையோ அதிகம். 2016-ல் வந்த ஏற்பாட்டின்படி இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை; ஆகவே அதற்குள் அடங்குகிறவனுக்கு இந்த மிச்சத்தால் ஒரு காசும் லாபமில்லை. லாபமெல்லாம் அந்த யூனிட்டுகளுக்காக மின்சார நிர்வாகத்துக்குப் பணம் கட்டுகிற சர்க்காருக்கே. லாபம் ஒருவருக்கு, செலவு மற்றொருவருக்கு என்றால் எந்த மடையன் விசிறி மாற்றுவான்? லாபமடைகிறவரல்லவா வாங்கிக் கொடுக்க வேண்டும்?

இது புது வழக்கமுமல்ல. 2011-ல் மிக்சி, கிரைண்டரோடு விசிறியும் இலவசமாகக் கொடுத்தது இதே தமிழ்நாட்டு சர்க்கார்தான். 2015-ல் தொடங்கிய எல்.இ.டி. பல்புத் திட்டத்தில் சில மாகாணங்களில் பல்பின் விலையை மின்கட்டணத்தோடு தவணையாக வாங்கினார்கள். ஆகவே 100 யூனிட்டுக்குள் அடங்குகிறவர்களுக்கு விசிறியை இலவசமாகவும், அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தவணையிலும் கொடுப்பதற்கு என்ன தடை? வாடகை வீட்டுக்காரன் பெயரில் மீட்டர் இல்லையென்று தள்ளாமல், குடியிருப்பவனுக்கே கொடுக்க வேண்டும். கூடவே, அடுக்குமாடிகளின் மொட்டைமாடிக்குச் சர்க்கார் செலவில் வெள்ளையடிக்கட்டும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பும் என்பது எவருக்கும் தெரிந்ததே.

“இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும்” என்று சிலர் வேதாந்தம் பேசுவார்கள். இரவு முழுவதும் புழுக்கத்தில் தூக்கமின்றிப் புரண்டுவிட்டு, விடியற்காலம் வேலைக்கு ஓடுகிறவனையா சோம்பேறி என்பது? வெயில் எல்லோருக்கும் பொது என்பார்கள். குளிர்ச்சி யாருக்குப் பொது என்பதே நம் கேள்வி.