மைக் சத்தத்துக்கு மதர்போர்டு மாத்தணுமா?

நாம பேசுறது, தலைக்கு மேல சுத்துற ஃபேன், அடுக்களை குக்கர் விசில்னு மைக்ல விழுறதெல்லாம் அப்படியே ஸ்பீக்கர்ல திரும்பி வருதுன்னு யாராவது சொன்னா, நம்மூர்ல உடனே கிடைக்கிற வைத்தியம் ரெண்டு. ஃபார்மட் பண்ணு. இல்லைன்னா புது ஹெட்செட் வாங்கு. ரெண்டுமே அநியாயம் மக்களே.

இது பெரும்பாலும் ரிப்பேரே கிடையாது. மைக்ல வர்றதை ஸ்பீக்கருக்கும் அனுப்புன்னு எங்கயோ ஒரு டிக் விழுந்திருக்கும். மெஷின் பாவம், சொன்ன பேச்சைக் கேக்குது.

திருநெல்வேலில எங்க சித்தப்பா ரிட்டயர் ஆனப்புறம் பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறார். போன மாசம் அவர் ஹெட்போன்ல அவர் குரலே கொஞ்சம் லேட்டா கேக்க ஆரம்பிச்சிடுச்சு. நம்ம குரல் நமக்கே தாமதமா கேட்டா நாக்கு குழறும், சந்தேகம் இருந்தா முயற்சி பண்ணிப் பாருங்க. மனுஷன் ரெண்டு நாள் வகுப்பை பாதியில நிறுத்திட்டார். கடைக்குத் தூக்கிட்டுப் போனா, "சவுண்டு சிப் போயிருச்சு சார், போர்டு மாத்தணும், 6,000 ஆகும்"னு பதில். அது அவரோட ரெண்டு மாச டியூஷன் காசு. அப்புறம்தான், "ஏலே, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே"ன்னு எனக்கு போன்.

முதல்ல மைக்கை விரலால தட்டச் சொன்னேன். இதுதான் முக்கியமான சோதனை. தட்டுன சத்தம் ஒரு நொடி தயங்கி வந்தா அது விண்டோஸ் வழியா சுத்திக்கிட்டு வருது. விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அமுக்கி, எம் எம் எஸ் ஒய் எஸ் புள்ளி சி பி எல்னு அடிங்க. ரெக்கார்டிங் பக்கத்துல மைக்கை டபுள் கிளிக் பண்ணி, லிசன்கிற டேப்ல 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக்கை எடுங்க. சித்தப்பாவுக்கு அதோட முடிஞ்சது, செலவு பூஜ்யம்.

தட்டுன உடனே கேட்டா, சவுண்டு சிப்புக்குள்ளயே நேர் வழி திறந்திருக்குன்னு அர்த்தம். அதே பெட்டியில பிளேபேக் பக்கம் போய், ஸ்பீக்கரோட லெவல்ஸ்ல மைக்ரோபோன்னு ஒரு பட்டை இருந்தா ம்யூட் பண்ணுங்க. எல்லா டிரைவர்லயும் இருக்காது, ரியல்டெக் போட்ட பல மெஷின்ல பார்த்திருக்கேன்.

'இஸ்ஸ்'னு இரைச்சல் மட்டும் வந்தா மைக் பூஸ்டைக் குறைங்க. 30 டெசிபல் பூஸ்ட்னா சிக்னலை சுமார் 32 மடங்கு பெருக்குறது, பக்கத்து வீட்டு மிக்ஸி கூட கேக்கும். 'ஹம்'முனு உறுமுனா லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிப் பாருங்க. நின்னுச்சுன்னா சத்தம் கரண்ட் வழியா வருது, விண்டோஸைத் திட்டாதீங்க.

இப்ப என் புகாருக்கு வர்றேன். இந்த வசதியே தப்புன்னு சொல்ல மாட்டேன். பழைய டெலிபோன்லயே நாம பேசுறது நம்ம காதுக்கு லேசா வரும்படிதான் வெச்சிருந்தாங்க, சைடுடோன்னு பேரு. அது இல்லைன்னா லைன் செத்துப்போச்சோன்னு ஆளு கத்த ஆரம்பிச்சுடுவார். பாடுறவங்களுக்கும் கிட்டார் வாசிக்கிறவங்களுக்கும் இது வேணும்.

ஆனா அதை எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க பாருங்க! நான் ஸ்கூல் படிச்ச காலத்துல வீட்டுல இருந்த எக்ஸ்பில, வால்யூம் ஐகானை டபுள் கிளிக் பண்ணா மைக்ரோபோன் பட்டையும் ம்யூட் கட்டமும் பக்கத்துலயே நிக்கும். விண்டோஸ் 11ல புது செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்டுன்னு போய், அடியில 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' அமுக்கினா அதே பழைய பெட்டிதான் வருது. 65 வயசு ஆளு இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? "உங்க மைக் இப்ப ஸ்பீக்கர்ல ஓடுது, நிறுத்தவா"ன்னு ஒரு வரி காட்டுறதுக்கு என்ன கேடு? நாமளும் இந்த மாதிரி ஸ்கிரீன் எழுதித்தான் சம்பளம் வாங்குறோம், அதனாலதான் கோவம் ஜாஸ்தி வருது.

லினக்ஸ் ஆளுங்க சிரிக்க வேணாம். டெர்மினல்ல அல்சாமிக்ஸர் திறந்து மைக் பட்டைக்குப் போய் எம் அமுக்குங்க. கீழ 'எம்எம்'னு வந்தா ம்யூட், 'ஓஓ'ன்னா இன்னும் திறந்துதான் கிடக்கு.