ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பும் கொடுமை

துபாயில் வேலை கிடைத்த ராமநாதபுரத்து இளைஞர் ஒருவரின் பட்டச் சான்றிதழ், அவருக்கு முன்பே ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொரு மேசையிலும் முந்தைய மேசையின் கையெழுத்து சரிதானா என்று மட்டுமே பார்க்கிறார்கள்.

இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் 1961 அக்டோபர் 5இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. அதன்படி, அனுப்பும் நாடு ஒட்டும் ஒரே 'அப்போஸ்டில்' சான்று போதும்; தூதரகம் போக வேண்டியதில்லை. தலைப்பு பிரெஞ்சில், கீழே எண்ணிட்ட 10 விவரங்கள், அவ்வளவுதான். இந்தியாவில் இது 2005 ஜூலை 14இல் நடைமுறைக்கு வந்தது. சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் சீனா 2023 நவம்பரிலும் இதற்குள் வந்தன. நம்மவர்கள் பெருமளவில் பிழைக்கப் போகும் அமீரகமும் குவைத்தும் கத்தாரும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. அவற்றைச் சேரச் சொல்லி டெல்லி விடாமல் வற்புறுத்த வேண்டும்.

அதற்காக மாநில அரசு காத்திருக்கத் தேவையில்லை. அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் வெறும் 50 ரூபாய். உடன்படிக்கைக்கு வெளியே உள்ள நாடுகளுக்குத் தூதரகக் கட்டணம் தனி. ஆனால் ஏஜென்டிடம் போகிறவர் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார். எந்த அலுவலகத்துக்கு எது முதலில் போக வேண்டும் என்பது தெரியாததுதான் அந்தத் தொகையில் பெரும்பங்கு. 2012 முதல் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. தான் நியமித்த நிறுவனங்கள் வழியாகவே பெறுகிறது. 2019இல் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு இந்தப் பணி பரவலாக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் தென்காசிக்காரருக்குச் சென்னையும் தூரம்தான். அதனால்தான் அசல் மதிப்பெண் பட்டியலை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கூரியரில் அனுப்புகிறார். அது தொலைந்தால் வேலையும் போகும், நகல் வாங்கும் அலைச்சலும் சேரும்.

கேரளத்தில் அரசு நிறுவனமான நோர்கா ரூட்ஸ், மாநிலச் சான்றொப்பத்தைத் தந்து, அமைச்சகத்துக்கும் சில தூதரகங்களுக்கும் தானே ஆவணத்தைக் கொண்டுபோய்த் திருப்பித் தருகிறது. நம்மிடமும் அயலகத் தமிழர் நலனுக்கென்று ஆணையரகம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு கவுன்ட்டர், சுவரில் எழுதிப்போட்ட கட்டணம், அசலை வாங்கியதற்குக் கையெழுத்திட்ட ரசீது: இந்த மூன்றையும் வரும் கல்வியாண்டு முடிவதற்குள் அது தந்தாக வேண்டும். தேர்வு முடிவுகள் வந்ததும் அடுத்த அணி வளைகுடாவுக்குக் கிளம்பிவிடும்.