சொல்லுக்கு உரியவர் யார்?

பனிக்கட்டியாற் கவிகைபோற் கட்டிய வீட்டை 'இக்லு' என்கிறது உலகம். அச்சொல்லுக்குரிய இனுயிட்டு மக்களைக் கேட்டாலோ, அஃது எவ்வகை வீட்டையும் குறிக்கும் பொதுச்சொல் என்பர். கல்லையும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டியையும் அடுக்கி அவர்தம் முன்னோர் கட்டிய குளிர்கால வீடும் அதுவே. இன்றைய மரவீடும் அதுவே. பனிவீட்டுக்குக் கிரீன்லாந்தாரிடம் 'இல்லுயிகாக்' என்னும் தனிச்சொல் உண்டு. அயலார் ஒருவகை வீட்டை மட்டும் கருதி, முழுச்சொல்லையும் அதற்குள் அடைத்துவிட்டனர்.

சொல்லின் வடிவும் மாறியது. மேற்குக் கிரீன்லாந்தில், அடுத்தடுத்து நின்ற வேற்றுமெய்களுள் முன்னது பின்னதாகவே திரிந்தது. 'இக்லு' 'இல்லு' ஆயிற்று. 1851-இல் அம்மொழிக்கு இலக்கணம் வெளியிட்ட சாமுவேல் கிளைன்சுமித்து, பழைய ஒலியமைப்பைத் தழுவி 'இக்ட்லோ' என எழுதினார். காலஞ்செல்லச் செல்ல நாவுக்கும் ஏட்டுக்கும் இடைவெளி விரிந்தது. 1973-இல் எழுத்துமுறை திருத்தப்பட்டு, ஒலிப்புக்கு இசைய 'இல்லு' என்றே எழுதலாயினர்.

இங்கே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழின் 'இல்'லும் தெலுங்கின் 'இல்லு'வும் வீட்டையே குறித்தலால், உடனே உறவு கொண்டாடத் தோன்றும். பழவடிவில் நின்ற ககரமெய் அதை மறுக்கின்றது. இவ்வொப்புமை தற்செயலானதே. வரலாறு பாராமல் ஒலியை மட்டும் கொண்டு வேர்காட்டுவோமாயின், நம் மெய்யான சொல்லாய்வையும் பிறர் எள்ளுவர்.

கிரீன்லாந்தாரிடம் நாம் கற்க வேண்டியது வேறு. நகரத்துக்கு அவர்தம் பெயர் 'இல்லோகார்பிக்'. வீடுகள் உள்ள இடம் என்பது பொருள். கணிப்பொறி வந்தபோதும், மூளை என்னும் தம் சொல்லினின்று, செயற்கை மூளை எனப் பொருள்படும் 'கரசாசியாக்' என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டனர். ஏறத்தாழ 56,000 மக்களே வாழும் நாடு அது. நெடுங்காலம் டேனிய மொழியே ஆட்சியிலும் கல்வியிலும் மேலோங்கி நின்றது. எனினும், 2009 சூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டம், கிரீன்லாந்து மொழியையே ஆட்சிமொழியாக்கியது.

தன் மக்களின் நாவில் ஒரு சொல் திரிவதும், அவர் வாழ்வோடு அதன் பொருள் விரிவதும் இயற்கை. அஃது உயிருள்ள மொழியின் வளர்ச்சி. அறியாத அயலார் அதனைக் குறுக்குவது வேறு. சொல்லின் பொருளை அதற்குரியவரிடமே கேட்டறிவோம். நம் சொல்லின் பொருளைப் பிறர் கேட்கும்போது, விடைசொல்லும் அறிவோடும் நாம் இருப்போம்.